தையல் கழிவில் குருவிக்கு ஒரு பிடி

தையல் மெசின் இருக்கிற வீட்டில் மூலைக்குள் ஓர் உரப்பை நிற்கும். கழுத்து வெட்டிய வட்டம், கை வெட்டிய பிறை, லைனிங் துண்டு, துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் மெசின் சீவித் தள்ளின நூல்சிக்கல், எல்லாம் அதற்குள்தான். முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம் எங்கள் வீட்டில் அந்தப் பை மாதத்துக்கு ஒருக்கால் நிரம்பிவிடும், பள்ளிக்கூடம் தொடங்குகிற தை மாதத்தில் இரண்டு பை. முந்தியெல்லாம் வளவுக் கோடிக்குள் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவோம், பொலியெஸ்டர் உருகி எரிகிற கரும்புகை கிணற்றடி வரைக்கும் வரும்.

ஒருநாள் கிணற்றடித் தேசிமரத்தில் இரண்டு இலை ஒன்றோடொன்று ஒட்டினமாதிரி நின்றது. குனிந்து பார்த்தால் தையற்காரக் குருவியின் கூடு. இலை ஓரத்தில் வரிசையாகத் துளை, துளைக்குள்ளால் சிலந்தி நூலும் பஞ்சும், நடுவில் ஒரு ரோஸ் நிற இழை. அந்த ரோஸ் நூலை எனக்குத் தெரியும், முதல் கிழமைதான் அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்திருந்தேன். இரண்டு தையற்காரிகளும் ஒரே நூலில் வேலை செய்கிறோம் என்று எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. பிறகென்ன, வேலி நீளத்துக்கு நூலும் துணியுமாகத் தொங்கவிட்டேன். அம்மம்மா திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, குருவியளுக்கும் சட்டை தைக்கப் போறியோ?" என்று கேட்டா.

அடுத்த பருவத்தில் தாவாரத்துக்குக் கீழே அடைக்கலக்குருவிக் குஞ்சு ஒன்று தலைகீழாகத் தொங்கினது. காலில் ஓவர்லொக் நூல் நாலைந்து சுற்று. கால் கறுத்து வீங்கிப் போயிருந்தது, நான் ஏணி வைத்து ஏறும்போது உயிர் இல்லை. அந்த நூலும் என் மெசினடி நூல்தான்.

அதனால் இதில், எதைக் கொடுக்கலாம் என்பதைவிட எதைக் கொடுக்கக்கூடாது என்பதைத்தான் கூட எழுதியிருக்கிறேன். என் உரப்பையில் பத்தில் ஒரு பங்குகூடக் குருவிக்கு ஆகாது. ஆகிற அந்த ஒரு பிடியை ஒழுங்காகத் தயார்செய்வது எப்படி என்பதுதான் மிச்சக் கதை.

யாருக்கு எது வேண்டும்

எல்லாப் பறவைக்கும் எங்கள் கழிவு தேவையில்லை. தூக்கணாங்குருவிக்கு ஒரு துண்டு நூல்கூட வேண்டாம். பச்சை நெல்லிலையிலும் பனையோலையிலும் நீளநீளமாக நார் கீறி எடுத்து, ஒரு கூட்டுக்கு 500 தடவை வரைக்கும் பறந்து, ஆண்குருவி தானே பின்னிமுடிக்கும். குளத்தோரத்துப் பனையையும் முள்மரத்தையும் தறிக்காமல் விட்டால் அதற்கு அது போதும். புலுனிக்கும் கொண்டைக்குருவிக்கும் வேரும் புல்லும் காய்ந்த இலையும். காகத்தைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம், அது வேலிக் கம்பித் துண்டையே தூக்கிக்கொண்டு போகும்.

உள்ளுக்குள் மெத்தென்று விரிக்கத் தேடுகிற பறவைகள் வேறு. தையற்காரக் குருவி இலையைத் தைத்து முடித்தபிறகு அந்தப் பைக்குள் பஞ்சை நிரப்பும், அதற்குமேல்தான் மூன்று முட்டை அளவில் இட்டு 12 நாள் போல அடைகாக்கும். தேன்சிட்டு சிலந்தி வலையால் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொப்பில் தொங்கவிட்டு, வெளியில் பட்டைத்தூளும் புழு எச்சமும் ஒட்டி அலங்கோலமாக வைத்திருக்கும், உள்ளே பார்த்தால் பஞ்சுமெத்தை. பனை உழவாரன் இருக்கிறதே, அது இன்னும் விசேஷம்: இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் பனையோலையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டி, முட்டையையும் அதிலேயே ஒட்டிவைக்கும். காற்றில் ஓலை ஆடுகிற ஆட்டத்துக்கு ஒட்டாவிட்டால் நிற்காது. நான்காவது அடைக்கலக்குருவி. அது மட்டும் கண்டது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும், வைக்கோல், இறகு, நூல், சொப்பிங் பை கிழிசல், வெளியில் கிடக்கிற உரப்பையில் இருந்து உதிர்கிற பிளாஸ்டிக் இழை. அதன் குஞ்சு மாட்டுப்படுவதும் அதனால்தான்.

ஆக, இந்த நாலு பேருக்கும் உண்மையில் வேண்டியது பஞ்சு. துணியும் இல்லை, நூலும் இல்லை. இது எனக்கு விளங்க இரண்டு வருசம் பிடித்தது. விளங்கினபிறகு வேலை இலகுவாகிவிட்டது: துணியைத் துணியாகக் கொடுக்கக்கூடாது, திரும்பப் பஞ்சாக்கிக் கொடுக்கவேண்டும்.

பையைக் கொட்டிப் பிரித்தல்

ஒரு பாயை விரித்துப் பையைக் கொட்டுங்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கவேண்டியவை: ஓவர்லொக் கழிவு முழுக்க, இலாஸ்டிக், லேஸ், நெற் துணி, சரிகை, மினுக்கல், எம்பிராய்டரி நூல், கொலருக்குள் வைத்து இஸ்திரிக்கையால் ஒட்டுகிற பசைத்துணி. ஓவர்லொக் நூலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது பெரும்பாலும் பொலியெஸ்டர், சிலது இழுபடுகிற நூல், மழையிலும் வெயிலிலும் கெதியில் உக்காது, கையால் இழுத்தால் விரலை வெட்டுமே தவிர அறாது. எங்கள் விரலையே வெட்டுகிற நூல், ஈர்க்கு மொத்தத்தில் கால் இருக்கிற குஞ்சை என்ன செய்யும்?

ரீசேட் துணியும் கூடாது, நூறு வீதம் பருத்தி என்று எழுதியிருந்தாலும் கூடாது. அது நெய்த துணி இல்லை, பின்னின துணி. நெய்த துணியை இரண்டு சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினால் அதிலிருந்து உருவுகிற நூலும் இரண்டு சென்ரிமீற்றர்தான் இருக்கும். பின்னின துணியில் நூல் வளையம் வளையமாகப் போவதால், அதே அளவுச் சதுரத்தில் இருந்து இழுத்தால் அதைவிட நீளமாக வந்துகொண்டே இருக்கும். பனியன், ரீசேட், பெனியன் துணி உள்பாவாடை எல்லாம் அந்தப் பக்கம். கடையில் பின்னுவதற்கு விற்கிற வூலும் அப்படித்தான், அதில் பெரும்பாலும் ஆட்டுமயிரே இல்லை, அக்கிரிலிக்.

மிச்சம் இருப்பதில் எது பருத்தி என்று பார்க்க வேண்டும். வேட்டிக்கரை, நூற்சேலை, நல்ல சாரம், சீத்தைத் துணி, வொயில் என்று கையில் பிடித்தாலே தையற்காரருக்குப் பாதி தெரியும். மீதிப் பாதிக்கு நெருப்புத்தான் சாட்சி. ஒரு சின்னக் கீற்றை இடுக்கியால் பிடித்து, கீழே தண்ணீர்ச் சட்டி வைத்து, குப்பி விளக்குச் சுடரில் காட்டுங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரியும், கடதாசி மணம் வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். பொலியெஸ்டர் சுருண்டு உருகிக் கருப்பு மணியாக இறுகும், கரும்புகை விடும். பட்டு என்றால் தலைமயிர் கருகின மணம். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணி கொஞ்சம் எரிந்து கொஞ்சம் உருகும், அதையும் ஒதுக்குங்கள். பாடசாலைச் சீருடை வெள்ளையைப் பார்த்துப் பருத்தி என்று ஏமாறவேண்டாம், நான் எரித்துப் பார்த்த துண்டுகளில் முக்கால்வாசி மணியாகத்தான் இறுகினது.

நிறம்? சாயம் இறங்குகிற துணி வேண்டாம். அதற்குமேல் பளிச்சென்ற சிவப்பையும் மஞ்சளையும் நான் எடுப்பதில்லை, இலைக்குள் மறைந்து இருக்கவேண்டிய கூட்டை நாங்களே கொடியேற்றிக் காகத்துக்குக் காட்டக்கூடாது என்று ஒரு நினைப்பு. வெளுக்காத துணி, மண்நிறம், மங்கிப்போன பழைய வேட்டி, இவைதான் நல்லது.

பழைய துணி என்றால் அதன் சரித்திரமும் தெரியவேண்டும். வயலுக்கு மருந்தடிக்கும்போது போட்ட சாரத்தை எத்தனை தரம் தோய்த்தாலும் இதற்கு எடுக்காதீர்கள். பெட்டிக்குள் பூச்சி உருண்டையோடு கிடந்த சேலையும் அப்படித்தான். நாய்க்கு உண்ணி மருந்து பூசின வீட்டில் நாய்மயிரையும் பஞ்சோடு சேர்க்கக்கூடாது, அந்த மருந்து மயிரில் இருந்து கூட்டுக்கும் கூட்டில் இருந்து குஞ்சுக்கும் போகும்.

தோய்த்தல்

புதுத் துணியில் கஞ்சிப்பசை இருக்கும். கொதிநீரில் ஊறவிட்டு, வாசனை இல்லாத சவர்க்காரம் கொஞ்சம் போட்டு அலசி, இரண்டு தண்ணீர் மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில் மணத்துக்கு ஊற்றுகிற திரவம் எதையும் ஊற்றவேண்டாம். பிறகு வெயில். எங்கள் ஊரில் வெயிலுக்கு என்ன குறை, சித்திரை வெயிலில் அரைநாள் போதும்.

நறுக்கலும் உதிர்த்தலும்

மினக்கெட்ட வேலை இதுதான், ஆறுதலாகச் செய்யுங்கள், வானொலியைப் போட்டுவிட்டு இருந்தால் நேரம் போவது தெரியாது. காய்ந்த துணியின் கரைத் தையலை முதலில் வெட்டி எறியுங்கள். அந்தக் கரையில் தைத்த நூல் பொலியெஸ்டராக இருக்கும், துணி பருத்தி என்பதால் நூலும் பருத்தி என்று நினைக்கக்கூடாது. பிறகு இரண்டு சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டுங்கள். சுண்டுவிரல் நகத்தை இரண்டாக அடுக்கினால் வருகிற அளவு, அளவுநாடா தேவையில்லை. நாலைந்து மடிப்பாக மடித்துக் கீற்றாக வெட்டி, கீற்றை அடுக்கிக் குறுக்கே வெட்டினால் கெதியாக முடியும்.

வெட்டின சதுரத்தை ஊசிமுனையால் ஓரத்தில் இருந்து உதிர்க்கவேண்டும். பாவும் ஊடும் பிரிந்து குட்டிக்குட்டி நூலாக வரும். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து பஞ்சுபோல உப்பும். முறுக்குக் கூடின துணி அவ்வளவு இலகுவில் உப்பாது, தோய்ந்து தோய்ந்து நைந்த வேட்டிதான் இதற்கு ராசா. புதுத் துணியோடு மல்லுக்கட்டுவதைவிட அதைக் கால்மிதிக்கு ஒதுக்கிவிட்டுப் பழைய வேட்டியைத் தேடுங்கள்.

முடிந்ததும் ஒரு சோதனை. பஞ்சில் கிள்ளி எடுத்துப் பரப்பிப் பாருங்கள். நீட்டிக்கொண்டு நிற்கிற எந்த இழையாவது சுண்டுவிரலைச் சுற்றி ஒரு சுற்று வருமானால் அது நீளம், திரும்ப நறுக்குங்கள். கட்டையான இழை காலில் ஒட்டினாலும் சுற்றி இறுகுவது அரிது, நீள இழை அப்படியில்லை, குஞ்சு அசைய அசைய இறுகும். பருத்தி நூலானாலும் நீளம் நீளம்தான், அது உக்கிப்போக எடுக்கிற நாட்களுக்குள் குஞ்சின் கால் போய்விடும்.

தலையணை, மெத்தை தைக்கிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. இலவம்பஞ்சு அடைக்கும்போது நிலத்தில் சிந்துகிறதே, அதுதான் குருவிக்குத் தங்கம். நூலே இல்லை, தண்ணீர் இலகுவில் ஊறாது, தையற்காரக் குருவியும் தேன்சிட்டும் காலம்காலமாகத் தேடிப்போகிற சாமான் அது. கொட்டைகளைப் பொறுக்கிவிட்டு அப்படியே வைக்கலாம். பழைய தலையணையைப் பிரித்து எடுக்கிற பஞ்சு புழுதியும் பூஞ்சணமுமாக இருக்கும், அதை விடுங்கள். வெள்ளைவெளேரென்று கடையில் விற்கிற பொலியெஸ்டர் பஞ்சு, பொம்மைக்குள் அடைப்பது, அதுவும் ஒட்டுத்துணி விரிப்புகளுக்குள் வைத்துத் தைக்கிற செயற்கைப் படையும் கிட்டவும் வேண்டாம். பார்க்க இலவம்பஞ்சு மாதிரி இருந்தாலும் இழை ஒவ்வொன்றும் நீளம், அறாது, உக்காது.

எதில் வைப்பது

வெங்காயம் வருகிற வலைப்பையில் பஞ்சைத் திணித்துத் தொங்கவிடுகிற பழக்கம் நல்லதில்லை. நகம் கொளுவினால் குருவி அங்கேயே துடிக்கும், பூனைக்குக் கொண்டாட்டம். பழைய மீன்வலைத் துண்டும் தங்கூசி நைலோன் நூலும் வளவுக்குள்ளேயே கிடக்கக்கூடாது.

நான் வைப்பது சிரட்டையில். கண் இருக்கிற பாதியையும் இல்லாத பாதியையும் பொச்சுப் போக நன்றாகச் சுரண்டி, வாயோடு வாய் பொருத்திக் கம்பியால் கட்டி, பக்கத்தில் மூன்று விரல் நுழைகிற அளவில் ஒரு வாசலும் அடியில் தண்ணீர் வடிய இரண்டு சின்னத் துளையும். கம்பி முனையை மடித்து உள்ளுக்குள் விட்டுவிடுங்கள். வாசலின் விளிம்பை அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். பஞ்சை வாசலுக்கு வெளியே கொஞ்சம் தெரியும்படி தளர்வாக வையுங்கள், இறுக்கி அடைத்தால் குருவி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். சிரட்டை செய்ய மனம் இல்லாதவர்கள் பனையோலைக் குட்டானைச் சரித்துத் தொங்கவிட்டாலும் சரிதான். ஒரு பிடி பஞ்சு எங்கள் வளவுக்கு ஒரு மாதத்துக்குக் காணும். உரப்பையை முடித்துவிடலாம் என்ற ஆசையில் குவித்து வைக்காதீர்கள், மிஞ்சினது காற்றில் பறந்து கண்ட இடமெல்லாம் கிடக்கும்.

எங்கே, எப்போது

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பூனை பாய எட்டாத கொப்பில், பக்கத்தில் குருவி ஒளிந்திருந்து பார்க்க ஒரு செடிப்பற்றை இருக்கிற இடமாகப் பாருங்கள். தாவாரத்துக்குக் கீழே என்றால் மழைக்கு நல்லது. ஒரு கூடு ஏற்கெனவே இருக்கிற மரத்திலேயே கட்டவேண்டாம், நாங்கள் போய்வரப் போய்வரக் காகத்துக்கு வழி காட்டினதாகிவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, இலங்கையில் தையற்காரக் குருவி வருசம் முழுக்கக் கூடு கட்டக்கூடியதுதான், ஆனாலும் மார்ச் முதல் மே வரையும் பிறகு ஆகஸ்ட், செப்டெம்பரிலும் மும்முரம். எங்கள் கணக்கில் காலபோக அறுவடை முடிகிற கையோடு முதல் பிடி, சிறுபோக வெட்டு முடிகிற நேரத்தில் இரண்டாவது பிடி. கிழமைக்கு ஒருக்கால் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தாலோ மக்கல் மணம் வந்தாலோ எல்லாவற்றையும் எடுத்து எருக்குவியலில் போட்டுவிட்டுப் புதிது வைக்கவேண்டும், பருத்தி என்பதால் அது அங்கே உக்கிப்போகும்.

குருவி வரவில்லை என்று இரண்டாம் நாளே முகம் சுருங்கவேண்டாம். முதல் சிரட்டையை எங்கள் வளவில் மூன்று கிழமைக்கு எதுவும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எறும்பு மட்டும் குடிவந்தது.

ஏற்கெனவே கட்டின கூட்டுக்குள் கொண்டுபோய்ப் பஞ்சு வைக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளைகள் ஆசையில் கேட்பார்கள். தாய்க்குருவி கூட்டை விட்டுவிட்டுப் போய்விடக்கூடும், அதோடு 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப்பறவைகளின் முட்டையிலும் கூட்டிலும் கைவைப்பதற்கு எதிராக இருக்கிறது.

நூலில் மாட்டின குருவியைக் கண்டால்

பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் இன்னும் இறுகும், கால் முறியும். மெல்லிய துணியால் தலையை மூடுங்கள், இருட்டானால் கொஞ்சம் அடங்கும். கொழுவி நிற்கிற நூலை முதலில் கூட்டுப் பக்கம் வெட்டிவிட்டு, பிறகு காலில் சுற்றினதை நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுக்கவேண்டும், ஒருவர் பிடிக்க ஒருவர் வெட்டினால் நல்லது. தசைக்குள் புதைந்த நூலை நோண்டக்கூடாது. காற்றுத்துளை போட்ட கடதாசிப் பெட்டிக்குள் வைத்து மிருக வைத்தியரிடமோ வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கோ கொண்டுபோங்கள். காலில் காயம் இல்லை, பறக்கிற வயது என்றால் அங்கேயே விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் பக்கத்தில்தான் நிற்கும்.

மிச்சப் பை

சரி, ஒரு பிடி போக மிச்ச உரப்பை அப்படியே நிற்கிறது. பின்னின துணியைக் கீற்றாக வெட்டிப் பின்னினால் கால்மிதி, தண்ணீரை நன்றாக உறிஞ்சும். பொலியெஸ்டர் துண்டுகளைப் பொடியாக நறுக்கிக் கதிரை மெத்தைக்குள் அடைக்கலாம். பெரிய துண்டுகளை ஒட்டுப்போட்டு விரிப்புத் தைக்கலாம், அடுப்படிக்குக் கைபிடிதுணி தைக்கலாம், அடுப்படிக்கு என்றால் பருத்தி மட்டும். ஓவர்லொக் கழிவை ஒரு போத்தலுக்குள் அடைத்து இறுக மூடுங்கள், முற்றம் கூட்டும்போது வெளியில் போகிற பேச்சே இருக்கக்கூடாது. மெசினுக்குக் கீழே ஒரு கடதாசிப் பெட்டியை வைத்துப் பழகினால் பாதி நூல் அதற்குள்ளேயே விழும். தை மாதம் பட்டம் விட்டு முடிய வேலியிலும் பனையிலும் தொங்குகிற நூலையும் இதோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துவிடுங்கள், பிள்ளைகளுக்குச் சுருளுக்கு ஒரு ரொபி என்று சொன்னால் ஒரு பின்னேரத்தில் வேலி சுத்தம்.

வளவில் ஓர் எருக்கலைப் பற்றையை விட்டுவைத்தால், காய் வெடித்துப் பறக்கிற அந்தப் பஞ்சுக்கு என் வேட்டிப்பஞ்சு ஈடாகாது. ஒட்டறை அடிக்கும்போதும் மாட்டுக்கொட்டில் பக்கத்துச் சிலந்தி வலையை நான் தொடுவதில்லை, தேன்சிட்டு அதை அலகில் சுற்றிச் சுற்றி எடுக்கிறதைப் பார்த்தபிறகு தும்புத்தடி அந்தப் பக்கம் போகவில்லை. அம்மம்மாவுக்கு அதில் இன்னும் சமாதானம் இல்லை, வீட்டுக்கு ஆகாது என்கிறா.

ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் சிரட்டையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, மெசின் லாச்சிக்குள் போட்டுவிடுங்கள். உள்ளே மிஞ்சின பஞ்சை அடுத்த வருசத்துக்கு என்று சேர்த்துவைக்க வேண்டாம், கரப்பான் முட்டை இட்டுவிடும்.